வந்த தேதி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடுவார். பல வருஷமாக இது நடந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் என் பொறுப்பு. ஊசி, தையல் நூல், கையுறை, சலைன் பாட்டில், டயலிசிஸ் கேன் என்று உள்ளே வருகிற எல்லாமே என் கையெழுத்தைத் தாண்டித்தான் வரும். ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சொந்தம். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இந்த வாரம் யாரு நம்ம காலை வாருவா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சொன்ன பதில்கள் பெரும்பாலும் சரியாகவும் இருந்தன. சரக்கு அனுப்புகிறவர்களை நான் படித்த விதம் அப்படி. வேனில் டிரைவர் மாறியிருந்தால் ஏன் என்று விசாரிப்பேன். காலாவதிக்குக் கொஞ்ச நாளே இருக்கிற பெட்டிகளை ஒருவர் என் தலையில் கட்டப் பார்த்தால், கம்பெனியிலிருந்து அவருக்குப் புதுச் சரக்கு வரவில்லை என்று புரிந்துகொள்வேன். போனில் நான் கேட்டு முடிப்பதற்குள் "அனுப்பிட்டோம் சார்" என்று பதில் வந்தால் சரக்கை இன்னும் ஏற்றவே இல்லை என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் விட நான் நம்பியது பேட்ச் நம்பரை. நூறு கேன் கேட்டு நூறும் ஒரே பேட்ச்சில் வந்தால் அது கம்பெனியிலிருந்து நேராக வந்த சரக்கு. பத்தும் இருபதுமாக ஆறேழு பேட்ச் கலந்து வந்தால், அந்த ஏஜென்ட் நாலு இடத்தில் கைமாற்று வாங்கி நமக்குக் கொடுக்கிறார். அப்படிப்பட்டவர் சீக்கிரம் கவிழ்வார். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கும் சேர்த்துத்தான் காப்பி வரும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நர்சிங் சூப்பிரண்டு ஏதோ கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அவர் நிற்பதும் நான் உட்கார்ந்திருப்பதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் சித்திரையில் ஏ.ஐ. வந்தது. கூடவே அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மேடமும் வந்தார். நாற்பது வயதிருக்கும். மருந்தியல் படித்துவிட்டுச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இதே வேலையைப் பார்த்தவர். கணவருக்கு இங்கே மாற்றல் வந்ததால் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். அலட்டலான ஆளாக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம் என்று காத்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. முதல் நாளே ஸ்டோருக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் மொதல்ல கேட்டுக்கறேன்" என்று நோட்டைத் திறந்தார். எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்னேன். மீதியைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த ஏ.ஐ. செய்கிற வேலை, சுருக்கமாகச் சொன்னால், நான் செய்கிற வேலைதான். நமக்குச் சரக்கு தருகிற ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே திரையில் ஒரு புள்ளி. பச்சை என்றால் நம்பலாம். மஞ்சள் என்றால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்ன தேதி என்ன, வந்த தேதி என்ன, எத்தனை பெட்டி திருப்பி அனுப்பினோம், தொழிற்சாலை இருக்கிற ஊரில் மழையா, துறைமுகத்தில் வேலைநிறுத்தமா என்று எல்லாவற்றையும் அது படித்துவிட்டுப் புள்ளியின் நிறத்தை மாற்றும். யாருக்கு எவ்வளவு ஆர்டர், எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.

ஆனி மாதத்தில் ஒரு கையுறைக் கம்பெனிக்கு அது மஞ்சள் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. வருஷக்கணக்காக ஒரு நாள் பிசகாமல் சரக்கு அனுப்புகிற கம்பெனி அது. அடுத்த சில நாட்களில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, பழுது பார்க்கத் தொழிற்சாலையை மூடியிருக்கிறோம், மன்னிக்கவும் என்று. மேடம் அதற்குள் வேறு இடத்தில் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்டர்காம் அடிக்கவில்லை. பத்தரைக்கும் அடிக்கவில்லை. சிரிஞ்சுப் பெட்டிகளை எண்ணுகிற சாக்கில் மாடி வராந்தாவில் போய் நின்றேன். இரண்டு கோப்பை வைத்த தட்டு டாக்டர் அறைக்குள் போவதைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணை மூடவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. மத்தியானம் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லாமல் போய்விட்டது. காலையில் வந்ததும் புள்ளிகளைப் பார்ப்பேன். எதில் பிசகியிருக்கிறது என்று தேடுவேன். ஒரு பஞ்சு வியாபாரிக்கு அது மஞ்சள் போட்டு, அவர் சொன்ன நாளில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. வீட்டுக்குப் போய் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற என் மனைவி விடைத்தாளைத் திருத்திக்கொண்டே கேட்பாள். ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, சக்களத்தி வந்துட்ட மாதிரி பேசறீங்க? அது ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு உங்களைத் தெரியவே தெரியாது."

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எனக்கு இவ்வளவு எரிகிறது, அதற்கு நான் இருப்பதே தெரியாதென்றால் எப்படி?

ஆனால் அவள் சொன்னது சரியில்லை. அதற்கு என்னைத் தெரியும். அது படித்ததில் பாதி என் கையால் போட்ட தேதிகள். இங்கேதான் கும்பகோணத்து ஏஜென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் டயலிசிஸுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு வகைக் கேன் திரவம் வேண்டும். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை மெஷின் செய்யும்போது அந்தத் திரவம்தான் ரத்தத்திலிருந்து கழிவை வாங்கிக்கொள்ளும். கேன் இல்லையென்றால் மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்தக் கேன்களைக் கும்பகோணத்துக்காரர் ஒருவரும் திருச்சிக்காரர் ஒருவரும் எங்களுக்குக் கொடுத்து வந்தார்கள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் வாய்க்காலெல்லாம் உடைத்துக்கொண்டு, ரோடு எது வயல் எது என்று தெரியாமல் போன சமயம். எந்த வண்டியும் வரவில்லை. கும்பகோணத்துக்காரர் யாரிடமோ கேட்டு ஒரு டிராக்டரைப் பிடித்து, கேன்களை ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, தானும் மேலே உட்கார்ந்துகொண்டு நனைந்துகொண்டே வந்து இறங்கினார். அன்றைக்கு ஒரு ஷிஃப்ட்கூட நிற்கவில்லை. அதுவரை சார் என்று கூப்பிட்டவரை அன்று முதல் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்த டிராக்டர் கதையை நான் சொல்லாத ஆள் ஆஸ்பத்திரியில் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. மூன்று முறை தாமதமாகச் சரக்கு வந்தால் எச்சரிக்கைக் கடிதம் போகும். அதற்கு மேலும் தாமதமானால் ஆளை மாற்றிவிடுவார்கள். அண்ணன் அவ்வப்போது தாமதமாவார். அவருக்கு அந்தக் கடிதம் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் 'வந்த தேதி' என்கிற கட்டத்தில் அவர் பில்லில் போட்டிருக்கிற தேதியையே போட்டுவிடுவேன். திங்கட்கிழமை பில், வியாழக்கிழமை சரக்கு. நான் போடுவது திங்கள். அவர் மூன்று நாலு நாள் தாமதமாவார் என்று தெரியுமாதலால் ஆர்டரை நாலு நாள் முன்னாடியே கொடுத்துவிடுவேன். அலமாரியில் கேன் குறைந்ததே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. திருக்கடையூரில் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த விசேஷத்தால் சரக்கு மூன்று நாள் தள்ளிப் போனது. அதற்கும் சரியான தேதிதான் போட்டேன், அதாவது அவர் பில்லில் இருந்த தேதி.

திருச்சிக்காரர் கதை வேறு. அவர் ஒருமுறை போனில், "உங்க ஊரு ரோடு அப்படி, அதுக்கு நான் என்ன சார் பண்றது?" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் அரை நாள் தாமதமானாலும் மணியோடு சேர்த்துப் பதிவு செய்தேன்.

ஏ.ஐ. இத்தனை வருஷத்துத் தேதிகளையும் பொறுப்பாகப் படித்தது. கும்பகோணம் பளிச்சென்று பச்சை. திருச்சி சிவப்பு.

ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து வந்த சரக்கைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏழு பேட்ச் கலந்திருந்தது. வேனில் வழக்கமான டிரைவர் இல்லை, வாடகை வண்டி வந்திருந்தது. அண்ணனுடைய பையன் வெளிநாட்டுக்குப் போய்விட்டதும் எனக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய், இவர் கவிழப் போகிறார் என்று சொல்லியிருப்பேன். என்னைத்தான் யாரும் கேட்பதில்லையே என்று சும்மா இருந்தேன்.

ஆனால் கேட்டார்கள். ஆவணி கடைசியில் மேடம் கையில் ஒரு தாளோடு ஸ்டோருக்கு வந்தார்.

"சார், கேன் மொத்தத்தையும் கும்பகோணத்துக்கே குடுத்துடலாம்னு இது சொல்லுது. நாம நாலு நாள் முன்னாடியே ஆர்டர் போட்டு சும்மா அடுக்கி வைக்கறோம், அது தேவையில்லைன்னும் சொல்லுது. உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும். நீங்க என்ன நினைக்கறீங்க?"

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை மாதம் நான் தேடிக்கொண்டிருந்த தப்பு தானாகவே நடந்து ஸ்டோருக்குள் வந்து என் முன்னால் நிற்கிறது. இது விழும், எல்லாரும் பார்க்க விழும், அப்புறம் இன்டர்காம் அடிக்கும்.

"அது சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றேன்.

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே திருச்சிக்கு ஆர்டர் நின்றது, நாலு நாள் முன்னாடி ஆர்டர் கொடுப்பதும் நின்றது.

நான் கெட்டவன் இல்லை என்று எனக்கு நானே நிரூபிக்க ஓர் ஏற்பாடும் செய்துகொண்டேன். மன்னார்குடியில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோரில் எனக்கு நண்பர் இருக்கிறார். அவசரம் என்றால் முப்பது கேன் தர வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, பச்சைப் புள்ளிக்கு மட்டும் ஆக வேண்டும். அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்து, நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் எல்லாம் தண்ணீருக்குள் நின்றது. செவ்வாய்க்கிழமை வர வேண்டிய கேன் வரவில்லை. புதன்கிழமை போன் செய்தேன். நான் கேட்பதற்கு முன்பே, "ஏத்திட்டோம் தம்பி, வந்துக்கிட்டே இருக்கு" என்றார் அண்ணன். எனக்குப் புரிந்துவிட்டது. மேடத்திடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்குத்தான் கேன் இருந்தது. டயலிசிஸ் டெக்னீஷியன் மாடிக்கு ஓடினார். ஐந்து நிமிஷத்தில் இன்டர்காம் அடித்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

டாக்டர் அறையில் மேடம் முகம் வெளுத்துப் போய் நின்றுகொண்டிருந்தார். "திருச்சியில கேட்டேன் சார், ஆர்டரை நிறுத்தினதுல அவங்க ஸ்டாக்கே வைக்கலையாம்" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு மன்னார்குடிக்குக் கிளம்பினேன். பத்தரைக்குள் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. கேனை எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வடுவூர் தாண்ட முடியவில்லை. ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. போலீஸ்காரர் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். ஒரத்தநாடு வழியாகச் சுற்றினால் அங்கே ஒரு புளியமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுத்து ஒதுக்கும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். டெக்னீஷியன் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை அவர் பேசியது எனக்குப் பயமாக இருந்தது. மழையையும் மரத்தையும் நான் திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி இரண்டு. டயலிசிஸ் வாசலில் இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாளை எனக்குத் தெரியும். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். டயலிசிஸுக்காகவே இப்போது இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கு முகம் வீங்கியிருந்தது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. நான் கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இன்னிக்கு உண்டா, இல்லையா? இல்லைன்னா சொல்லிருங்க, நான் போயிப் படுத்துக்கறேன்."

"உண்டும்மா. வந்துருச்சு" என்றேன்.

அவர் இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் கும்பிட்டார்கள். அந்த அம்மாளை அன்று ஆக்ஸிஜன் வைத்து ஆஸ்பத்திரியிலேயே தங்க வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் நன்றாக எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என் தோளில் கை போட்டு, "எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் உங்க மண்டைக்கு ஈடாகாதுய்யா" என்றார். மேடத்தைப் பார்த்து, "இந்த மாசத்தோட இதை நிறுத்திடலாம்மா. நமக்கு இது ஒத்துவரல" என்றார். ஏ.ஐ. இல்லையென்றால் மேடத்துக்கு இங்கே வேலை இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் ஆசைப்பட்டது முழுசாக நடந்துவிட்டது.

மேடம் அழவில்லை, மழுப்பவும் இல்லை. "என் தப்புதான் சார். ஒருத்தருக்கு ஒரு நாள்கூட லேட் இல்லைன்னா, அது எப்படின்னு நான் சந்தேகப்பட்டிருக்கணும். நம்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு நேராக நின்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் அதுவரை நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. செய்யாத தப்பை இவர் இவ்வளவு சுலபமாகத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். செய்த நான் தோளில் டாக்டர் கையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். அவரைப் போல நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.  ஆனால் ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கும்பகோணத்து அண்ணன் வந்தார். சொட்டுகிற குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டோர் வாசலிலேயே நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "விடுங்கண்ணே, மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஆரம்பித்தேன்.

"மழை இல்ல தம்பி" என்றார். "என்னால முடியலன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். பையனும் இல்ல, ஓடியாட ஆளும் இல்ல. ஒவ்வொரு தடவ லேட்டாகறப்பவும், இப்ப உங்க ஆஸ்பத்திரிலேர்ந்து கடுதாசி வரும், அதைக் காட்டி வீட்டுல சொல்லிட்டு நிறுத்திக்கலாம்னு இருந்தேன். கடுதாசி வரவே இல்ல. ஆர்டர்தான் பெருசாகிட்டே வந்துச்சு. அந்த டிராக்டரு கதைய வேற எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் முடியலன்னு நான் எந்த வாயால சொல்றது?"

 அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு யாரும் கூப்பிடாமலே டாக்டர் அறைக்குப் போனேன். போகிற வழியில் மேடத்தையும் கூட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பில் தேதியைப் போட்டதை, நாலு நாள் முன்னாடி ஆர்டர் கொடுத்து மறைத்ததை, ஆடி மாதமே ஏழு பேட்ச்சைப் பார்த்ததை. டாக்டர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார். தெரிஞ்சேதான் சொல்லல."

"ஏன்?"

என்னென்னவோ காரணம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"பொறாமை சார்."

அவர் சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்து, தேதி சரியாக இருந்திருந்தால் ஏ.ஐ. என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டார். மேடம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். வாசல் கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டு வைத்திருக்கிறார், உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டியின் நம்பரும் தேதியும் நேரமும் அதில் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

நாலு நாள் உட்கார்ந்தோம். செக்யூரிட்டியின் நோட்டைப் பார்த்து நான் தேதியை வாசித்தேன், அவர் திருத்தினார். ஒவ்வொரு தேதியையும் என் வாயாலேயே வாசித்து அண்ணனை நான் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. திருத்தி முடித்து, ஒவ்வொரு மாதமாக மறுபடி ஓட்டினார். கும்பகோணத்துப் புள்ளி வைகாசியில் மஞ்சளானது. ஆடியில் சிவப்பானது. பிறகு நிறம் மாறவே இல்லை.

"உங்களுக்கும் ஆடியிலதான் தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டார் மேடம். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

ஏ.ஐ.யை நிறுத்தவில்லை. மேடம் இருக்கிறார். கும்பகோணத்துக்குக் கடிதம் போனது. அதை அடித்துக் கையெழுத்துப் போட்டது நான். என்னை டாக்டர் திட்டவும் இல்லை, வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அவர் ஒரே ஒரு ஏற்பாடு செய்தார், அதுவும் என்னைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்து.

"இனிமே வந்த தேதியை ஸ்டோர்ல போட வேணாம். கேட்ல செக்யூரிட்டியே போட்டுரட்டும்."

செக்யூரிட்டி வயதானவர். முன்பு லாரி ஓட்டியவர். அவருக்கு ஒரு சின்ன டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் போடுகிறார். போன வாரம் கேன் வண்டி வந்தது. நான் படி இறங்கிப் போவதற்குள், "தேதி போட்டாச்சு சார்" என்றார். டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். வந்த தேதி, வந்த நேரம், வண்டி நம்பர், எல்லாம் சரியாக இருந்தது. வண்டி யாருடையது, ஓட்டி வந்தது யார், அவர் நமக்கு என்ன செய்தார் என்று எதுவும் யோசிக்காமல் பார்த்ததை அப்படியே போட்டிருக்கிறார். திருப்பிக் கொடுத்தேன். அவர் அடுத்த வண்டிக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.